"அனுப்பிவிட்டேன்" என்று சொன்னால் போதுமா? பதிவுத் தபால் துண்டும் வாங்குபவரின் நம்பிக்கையும்

கொழுந்துமலை (ஹட்டன்) எழுதியது:

நான் ஹட்டனில் வீட்டிலிருந்தபடியே பழைய புத்தகங்களை முகநூல் வழியாக விற்று வருகிறேன். பெரும்பாலும் க.பொ.த. உயர்தரப் பாடநூல்களும் கடந்தகால வினாத்தாள் தொகுப்புகளும்தான். வாங்குபவர் பணத்தை வங்கியில் வைப்பிலிட்டு அந்தச் சீட்டைப் படம் எடுத்து அனுப்புவார். நான் பொதி கட்டித் தபாலில் சேர்ப்பேன். நான்கு ஆண்டுகளாக இப்படித்தான் நடக்கிறது. இதுவரை யாரிடமும் கெட்ட பெயர் வாங்கியதில்லை.

இப்போது ஒரு சிக்கல். பொகவந்தலாவைக்கு அப்பால் உள்ள ஒரு தோட்டத்திலிருந்து, கொழுந்து பறிக்கும் ஒரு தாய் தன் மகளுக்காக உயிரியல் புத்தகங்கள் மூன்றை வாங்கினார். விலை 2,850 ரூபா. "ரெஜிஸ்டர் (பதிவுத் தபால்) வேண்டாம் ஐயா, செலவு கூடிவிடும், சாதாரணத் தபாலிலேயே போடுங்கள்" என்று அவரே குரல் செய்தியில் கேட்டுக்கொண்டார். அவரைக் குறை சொல்ல முடியாது. 2022 ஓகஸ்டில் ஒரு கடிதத்துக்கான ஆகக் குறைந்த தபால் கட்டணமே 15 ரூபாவிலிருந்து 50 ரூபாவாக உயர்ந்தது. நாட்கூலியை நம்பி வாழும் குடும்பத்துக்கு அதற்கு மேல் சேரும் ஒவ்வொரு ரூபாவும் கணக்குத்தான். பனியில் நனையாமலிருக்க உள்ளே பொலித்தீன் சுற்றி, வெளியே மண்ணிறத் தாள் போட்டு, நூல் கட்டி, தபாலகத்தில் நிறுத்து, முத்திரை ஒட்டிக் கொடுத்துவிட்டு வந்தேன். சாதாரணத் தபாலுக்குப் பதிவு எண் இல்லை. ஆகவே என் கையில் எந்தத் துண்டும் இல்லை.

இன்றோடு இருபத்து மூன்று நாட்கள் ஆகின்றன. பொதி போய்ச் சேரவில்லை. முந்தாநாள் இரவு அவரிடமிருந்து குரல் செய்தி வந்தது: "ஐயா, தபாலில் போட்ட துண்டு இருந்தால் படம் எடுத்து அனுப்புங்கள்." அதைக் கேட்டதும் மனம் மிகவும் நொந்துபோனது. சாதாரணத் தபாலில் போடச் சொன்னவரே இப்போது அத்தாட்சி கேட்கிறார் என்றால், நான் அனுப்பவே இல்லை என்று நினைக்கிறார் என்றுதானே பொருள்? இரண்டு நாட்களாகப் பதில் சொல்லாமல் இருக்கிறேன். இதே தொழிலில் உள்ள நண்பர் ஒருவர், "வேறு யாருக்காவது அனுப்பிய பழைய ரெஜிஸ்டர் துண்டைப் படம் எடுத்து அனுப்பிவிடு, உண்மையிலேயே அனுப்பியவன்தானே நீ, அதில் என்ன பொய்?" என்கிறார். எனக்கு அதற்கு மனம் ஒப்பவில்லை. என்றாலும் அது ஏன் தவறு என்று அவருக்கு விளக்கவும் தெரியவில்லை.

நட்டத்தை யார் ஏற்பது நியாயம்? இந்த அனுபவம் உள்ளவர்கள் சொல்லுங்கள்.

பதுளைத் தையல் எழுதியது:

அண்ணா, நான் பிள்ளைகளுக்கான சட்டைகள் தைத்து விற்கிறேன். என் அனுபவத்தில் நட்டம் விற்றவருடையதுதான். வாங்கியவர் தன் பங்கை முழுவதுமாகச் செய்துவிட்டார்: பணத்தைப் போட்டார், அதற்கான சீட்டையும் உங்களுக்கு அனுப்பினார். பணம் வந்ததற்கு உங்களிடம் அத்தாட்சி இருக்கிறது. பொருள் போனதற்கு அவரிடம் எதுவும் இல்லை. இந்த ஏற்றத்தாழ்வை உங்களால் மட்டுமே சரிசெய்ய முடியும், ஏனென்றால் தபாலக வாசலில் நிற்பவர் நீங்கள்தான்.

நான் ஒரு வழக்கம் வைத்திருக்கிறேன். பொதியை மூடுவதற்கு முன் உள்ளே இருக்கும் சட்டைகளோடு ஒரு படம். பிறகு தபாலகத்தில் பற்றுச்சீட்டை வாங்கியவுடன், அந்த இடத்தை விட்டு நகர்வதற்கு முன்பே அதைப் படம் எடுத்து வாங்குபவருக்கு அனுப்புவேன். வீட்டுக்குப் போய் அனுப்பலாம் என்று விட்டால் அடுப்பு, பிள்ளை, அடுத்த ஓடர் என்று மறந்துபோகும். கேட்ட பிறகு அனுப்பும் துண்டு எவ்வளவு உண்மையாக இருந்தாலும் தற்காப்பாகத்தான் தெரியும். கேட்காமலே வரும் துண்டு வேறு மாதிரி. இரண்டுக்கும் உள்ள வேறுபாட்டை வாங்குபவராக இருந்து பார்த்தால்தான் உணர முடியும்.

பழைய துண்டை அனுப்புவதைப் பற்றி யோசிக்கவே வேண்டாம்.

மகாவலிக்கரை (கண்டி) எழுதியது:

நட்டம் யாருடையது என்ற கேள்விக்குச் சட்டம் தரும் பதில், தங்கை பதுளைத் தையல் சொன்னதிலிருந்து சற்று வேறானது என்பதால் அதை இங்கே வைக்க விரும்புகிறேன்.

நம் நாட்டில் இதற்கு அடிப்படை 1896ஆம் ஆண்டின் பொருள் விற்பனைக் கட்டளைச் சட்டம். பொருளை வாங்குபவருக்கு அனுப்பிவைக்க வேண்டும் என்றோ அனுப்பிவைக்கலாம் என்றோ ஒப்பந்தம் இருந்தால், விற்பவர் அதை எடுத்துச்செல்பவர் ஒருவரிடம் ஒப்படைத்ததையே, மாறான காரணம் காட்டப்படாதவரை, வாங்குபவரிடம் ஒப்படைத்ததாக அச்சட்டம் கருதுகிறது. ஆனால் அதோடு ஒரு நிபந்தனையும் வருகிறது: பொருளின் தன்மையையும் ஏனைய சூழ்நிலைகளையும் கருதி, நியாயமான ஏற்பாட்டில் விற்பவர் அதை அனுப்பியிருக்க வேண்டும். அப்படிச் செய்யாமல் பொருள் தொலைந்தால், அந்த ஒப்படைப்பைத் தனக்குச் செய்ததாக ஏற்க வாங்குபவர் மறுக்கலாம். உங்கள் விடயத்தில் சாதாரணத் தபாலை வாங்குபவரே கேட்டார் என்பது உங்களுக்குச் சாதகமானது. அந்தக் குரல் செய்தியை அழித்துவிடாதீர்கள். 2006ஆம் ஆண்டின் 19ஆம் இலக்க இலத்திரனியல் கொடுக்கல் வாங்கல் சட்டம் மின்வழிச் செய்திகளுக்கும் ஆவணங்களுக்கும் சட்ட ஏற்பு அளிக்கிறது.

இங்கேதான் துண்டின் இடம் வருகிறது. "தபாலில் ஒப்படைத்தேன்" என்பதை நிரூபிக்க வேண்டியவர் விற்பவர். அதை நிரூபித்துவிட்டால், 1895ஆம் ஆண்டின் சாட்சியக் கட்டளைச் சட்டத்தின் 114ஆம் பிரிவின்படி, தபாலின் வழமையான நடைமுறை பின்பற்றப்பட்டது என்று நீதிமன்றம் ஊகிக்கலாம். அதே பிரிவு ஓர் எதிர்நிலையையும் உதாரணமாகக் காட்டுகிறது: கடிதம் தபாலில் சேர்க்கப்பட்டது நிரூபிக்கப்பட்டாலும், குழப்பங்களால் தபாலின் வழமையான போக்கு தடைப்பட்டிருந்தால் அதையும் நீதிமன்றம் கணக்கில் எடுக்க வேண்டும். நூற்று முப்பது ஆண்டுகளுக்கு முன் எழுதிய அந்த உதாரணம் மலையகத்துக்கென்றே எழுதியது போலத் தோன்றுகிறது. 2025 நவம்பர் இறுதியில் டித்வா புயலின்போது மண்சரிவுகள் வீதிகளையும் மலையக ரயில் பாதையையும் துண்டித்த நாட்களில், எந்தத் தபாலின் எந்தப் போக்கை வழமையானது என்று சொல்ல முடியும்?

சட்டம் இப்படி இருக்கிறது என்பதற்காக, 2,850 ரூபாவுக்கு யாரும் நீதிமன்றம் போகப்போவதில்லை. வர்த்தகர்களுக்கு எதிராக 1977 என்ற இலக்கத்தில் நுகர்வோர் அலுவல்கள் அதிகார சபைக்கு முறையிடலாம் என்பதும் ஒரு கொழுந்து பறிக்கும் தாய்க்கு எவ்வளவு தூரமான வழி என்று நமக்குத் தெரியும். ஆகவே நடைமுறையில், சட்டம் உங்கள் பக்கம் இருந்தாலும் இல்லாவிட்டாலும், தீர்ப்பு உங்கள் கையில்தான் இருக்கிறது. அது உங்களுக்குக் கிடைத்த வசதி அல்ல, பொறுப்பு.

உப தபாலதிபர் (ஓய்வு) எழுதியது:

தம்பி கொழுந்துமலை, நான் நீண்ட காலம் தோட்டப் பகுதி உப தபாலகங்களில் வேலை செய்தவன். துண்டு எதைச் சொல்கிறது, எதைச் சொல்லவில்லை என்பதில் பலருக்குத் தெளிவில்லை என்பதை இந்த இழையில் பார்க்கிறேன்.

பதிவுத் தபால் துண்டு சொல்வது ஒன்றே ஒன்று: இந்த எண் இடப்பட்ட ஒரு பொதியை, இந்தப் பெயருக்கு, இந்த நாளில், இந்தத் தபாலகம் பொறுப்பேற்றது. உள்ளே புத்தகம் இருந்ததா, செங்கல் இருந்ததா என்று அது சொல்லாது. போய்ச் சேர்ந்ததா என்றும் சொல்லாது. ஆனால் அந்த எண் இருப்பதால், பொதி ஒரு கையிலிருந்து இன்னொரு கைக்கு மாறும் இடங்களில் ஒரு பதிவு விழுகிறது. நான் வேலை செய்த காலத்தில் மாலையில் பையைக் கட்டும்போது பதிவுத் தபால்களை மட்டும் தனியாகப் பிரித்து, எண்களை ஒவ்வொன்றாகப் பட்டியலில் எழுதி, பட்டியலையும் பொதிகளையும் சேர்த்துக் கட்டி முத்திரை வைப்போம். மறுபக்கத்தில் பையைத் திறப்பவர் பட்டியலை வைத்துக்கொண்டு சரிபார்ப்பார். ஓர் எண் குறைந்தால் அன்றைக்கே தெரிந்துவிடும். சாதாரணத் தபாலுக்கு அந்தக் காவல் இல்லை. அது தொலைந்தால் தொலைந்த இடமும் சேர்ந்தே தொலைகிறது. தேடச் சொல்லி எங்களிடம் வருபவர்களிடம் நாங்கள் முதலில் எண்ணைக் கேட்பது அதனால்தான், சந்தேகப்பட்டு அல்ல.

இதைவிடப் பெரிய விடயம் தோட்டத்து முகவரி. லயங்களில், அதாவது தொழிலாளர்களின் வரிசை வீடுகளில், பல வீடுகளுக்குத் தனி இலக்கம் இல்லை. தோட்டத்தின் பெயர், டிவிசன் (தோட்டத்தின் பிரிவு), ஆளின் பெயர், அவ்வளவுதான் முகவரி. கடிதங்கள் மொத்தமாகத் தோட்டக் காரியாலயத்துக்குப் போகும். அங்கிருந்து யாராவது ஒருவர் கையில் டிவிசனுக்குப் போகும். ஒரே தோட்டத்தில் ஒரே பெயரில் நான்கு பேர் இருப்பார்கள். நேர்முகத் தேர்வுக் கடிதம் தேர்வு முடிந்த பிறகு கிடைத்து, வேலை கைநழுவிய பிள்ளைகளை நான் என் கண்ணால் பார்த்திருக்கிறேன். தபாலகத்தைப் பொறுத்தவரை அந்தக் கடிதம் சரியாகச் சேர்ப்பிக்கப்பட்டுவிட்டது. பிள்ளையைப் பொறுத்தவரை அது வரவே இல்லை. இரண்டும் உண்மை.

ஆகவே தோட்டத்துக்குப் பொதி அனுப்புகிற யாரும், அனுப்பும் முன் ஒரு கேள்வி கேட்க வேண்டும்: "இது யார் கைக்கு வரும்?" தோட்டப் பாடசாலை ஆசிரியர், கோயில் தர்மகர்த்தா, நகரத்தில் கடை வைத்திருக்கும் உறவினர் என்று நம்பகமான ஒருவரின் முகவரிக்குப் போட்டு, மேலே பெறுநரின் பெயரை எழுதலாம்.

லயத்துப் பிள்ளை எழுதியது:

நான் விற்பவள் இல்லை, வாங்குபவள். மஸ்கெலியாப் பக்கத் தோட்டம் ஒன்றில் பிறந்து, இப்போது ஆசிரியையாக இருக்கிறேன். கொழுந்துமலை அண்ணாவின் பதிவை மூன்று முறை வாசித்தேன். அந்த அம்மா கேட்டதை அவர் தவறாகப் புரிந்துகொண்டார் என்று எனக்குப் படுகிறது.

எங்கள் தோட்டத்தில் கடிதம் வந்ததா என்று கேட்க வேண்டுமானால் காரியாலயத்துக்குப் போக வேண்டும். காலையில் வேலைக்கு ஆள் கணக்கெடுக்கும் பெரட்டுக்குப் போய், மலையில் ஏறி, கொழுந்து நிறுத்துவிட்டு இறங்கும்போது காரியாலயம் மூடும் நேரமாகிவிடும். போனாலும் கிளாக்கர் ஐயா முதலில் கேட்பது "என்றைக்கு அனுப்பினார்கள்? நம்பர் என்ன? துண்டு இருக்கிறதா?" என்பதுதான். வெறுங்கையோடு போய் நின்றால், தேடிப் பார்க்காமலே இல்லை என்று சொல்லி அனுப்பிவிடலாம். கையில் ஒரு தாள் இருந்தால் அலுமாரியைத் திறந்து பார்ப்பார்கள். அந்த அம்மா உங்களிடம் அத்தாட்சி கேட்டது உங்களுக்கு எதிராக அல்ல, அண்ணா. கிளாக்கர் முன்னால் காட்ட ஏதாவது ஒன்று வேண்டும் என்று கேட்டிருக்கிறார்.

எனக்கு நடந்ததையும் சொல்கிறேன். ஆசிரியர் கலாசாலையில் படித்த காலத்தில், கொழும்பிலிருந்து விற்கும் ஒருவரிடம் ஒரு கணிப்பான் வாங்கினேன். அவர் பதிவுத் தபாலில்தான் அனுப்பினார். பத்து நாட்களாகியும் வரவில்லை என்று சொன்னேன். காரியாலயத்தில் ஒப்பமிட்டு எடுத்துவிட்டதாகத் தபாலகத்தில் சொல்லிவிட்டார்கள் என்று, "கையெழுத்துப் போட்டு வாங்கிவிட்டுப் பணத்தைத் திருப்பிக் கேட்கிறாயா? உங்கள் ஆட்களே இப்படித்தான்" என்று எழுதினார். நான்கைந்து பேர் இருந்த குழுவில் எழுதினார். பொதியைக் கொண்டுவந்து கொடுக்க வேண்டியவர் வீட்டில் ஒரு மரணம் நடந்து அவர் விடுமுறையில் போயிருந்தார். பொதி அவருடைய மேசை லாச்சியில் இருந்தது. பதினோராம் நாள் என் கைக்கு வந்தது. வந்துவிட்டது என்று விற்றவருக்கு எழுதினேன். நல்லது என்று ஒரு சொல்லில் பதில் போட்டார். முன்பு எழுதியதைப் பற்றி ஒன்றும் சொல்லவில்லை. கணிப்பான் இன்றும் வேலை செய்கிறது. அந்த "உங்கள் ஆட்களே" என்பதை நான் இன்னும் மறக்கவில்லை.

அந்தக் கையொப்பம் பொய்யில்லை. என்னுடையது இல்லை, அவ்வளவுதான். தோட்டத்துக்கு அனுப்புகிறவர்கள் இதைத் தெரிந்துகொள்ள வேண்டும் என்றுதான் எழுதினேன்.

நானுஓயா விற்பனை எழுதியது:

எல்லோரும் விற்பவரையே திருத்துகிறீர்கள். வாங்குபவர்களிலும் ஏமாற்றுகிறவர்கள் இருக்கிறார்கள். நான் பூச்செடிக் கிழங்குகளும் விதைகளும் அனுப்புகிறேன். சென்ற ஆண்டு ஒருவர் கிடைக்கவில்லை என்றார். நம்பி இரண்டாவது பொதி அனுப்பினேன். சில வாரங்களில் அவர் முகநூலில் போட்ட படத்தில் இரண்டு பொதிகளின் கிழங்குகளும் தொட்டியில் முளைத்திருந்தன. எண்ணிக்கையை வைத்தே சொல்கிறேன். பொருள் கைக்கு வந்ததும் பணம் கொடுக்கும் முறையில் அனுப்பினால் வேறு தொல்லை: பொதி வாசலுக்கு வந்த பிறகு வேண்டாம் என்கிறார்கள், போக்கும் வரவும் என் செலவு, கிழங்கும் அழுகிவிடும். எல்லோரையும் நம்பு என்று சொல்வது எளிது.

பதுளைத் தையல் எழுதியது:

நானுஓயா அண்ணா, உங்கள் கோபம் நியாயமானது. ஆனால் எல்லோரையும் நம்பச் சொல்லி இங்கே யாரும் எழுதவில்லை. முதல் பொதி பதிவுத் தபாலில் போயிருந்தால், இரண்டாவதை அனுப்பும் முன் எண்ணை வைத்துக் கேட்டிருக்கலாம். அவர் பெற்றாரா என்பது தெரிந்திருக்கும். நேர்மையான வாங்குபவரைப் பொய்யரிடமிருந்து பிரித்துக் காட்டுவதும் அதே துண்டுதான். அதனால்தான் நான் அந்தச் செலவை விலையிலேயே சேர்த்துவிடுகிறேன். "தபால் செலவு இலவசம்" என்று போடுவதில்லை. சட்டை இவ்வளவு, பதிவுத் தபால் இவ்வளவு என்று பிரித்து எழுதுகிறேன். எதற்குக் கொடுக்கிறோம் என்று தெரிந்தால் பெரும்பாலானவர்கள் மறுப்பதில்லை.

பண்டாரவளைக் கடை எழுதியது:

பழைய துண்டு பற்றி கொழுந்துமலை கேட்டதற்கு நான் பதில் சொல்லக் கடமைப்பட்டவன், ஏனென்றால் நான் அதைச் செய்திருக்கிறேன். இதுவரை யாரிடமும் சொன்னதில்லை.

ஐந்தாறு ஆண்டுகளுக்கு முன், ஹப்புத்தளையில் ஓர் ஓய்வுபெற்ற ஆசிரியர் என்னிடம் மூக்குக் கண்ணாடிச் சட்டம் ஒன்றை வாங்கினார். திங்கட்கிழமை அனுப்புவதாகச் சொன்னேன். கடும் மழை, கடையில் ஆளில்லை, அனுப்பவில்லை. புதன்கிழமை காலை அவர் மிகவும் மரியாதையாக, "அனுப்பியாயிற்றா தம்பி?" என்று கேட்டார். "திங்கட்கிழமையே அனுப்பிவிட்டேன் ஐயா" என்று எழுதினேன். நம்பிக்கைக்காக அதற்கு முதல் கிழமை வேறு ஒருவருக்கு அனுப்பிய துண்டைப் படம் எடுத்தேன். பெயரும் திகதியும் தெரியாதபடி பெருவிரலால் மறைத்துப் பிடித்து எடுத்தேன். அன்று பிற்பகலே பொதியைக் கொண்டுபோய்ப் போட்டுவிட்டேன். இரண்டு நாள் தாமதம்தானே, யாருக்கும் நட்டமில்லை என்று என்னை நானே சமாதானம் செய்துகொண்டேன்.

பொதி வெள்ளிக்கிழமை அவருக்குக் கிடைத்தது. அவர் எனக்கு ஒரு படம் அனுப்பினார். பொதியின் மேலுறை. முத்திரைகளின் மேல் வட்டமாக விழுந்திருந்த தபாலக முத்திரையில் புதன்கிழமையின் திகதி தெளிவாகத் தெரிந்தது. பக்கத்திலேயே பதிவு எண் ஒட்டியிருந்தது. நான் அனுப்பிய படத்தில் இருந்த எண் அதுவல்ல. படத்தோடு அவர் ஒரு சொல்லும் எழுதவில்லை.

நான் மன்னிப்புக் கேட்டு நீளமாக எழுதினேன். "பரவாயில்லை தம்பி, கண்ணாடி நன்றாக இருக்கிறது" என்று பதில் வந்தது. அதன் பிறகு அவர் என்னிடம் எதையும் வாங்கவில்லை. நண்பர் கேட்ட "அதில் என்ன பொய்?" என்பதற்கு எனக்குத் தெரிந்த பதில் இதுதான்: அந்த எண்ணை நம்பி ஒருவர் தபாலகத்துக்குப் போவார். லயத்துப் பிள்ளை தங்கை சொன்னதைப் பார்த்த பிறகு எனக்கு உடல் நடுங்குகிறது. கொழுந்துமலை அந்தப் பழைய துண்டை அனுப்பியிருந்தால், அந்தத் தாய் அதைத் தூக்கிக்கொண்டு மலை இறங்கிக் காரியாலயத்தில் நின்றிருப்பார். கிளாக்கர் பார்த்துவிட்டு, "இது உன் பெயரே இல்லையே" என்று சொல்லியிருப்பார்.

வெலிமடைத் தேயிலை எழுதியது:

நான் வெளிநாட்டுக்குச் சிறு தேயிலைப் பொதிகள் அனுப்புகிறேன். வாங்குபவர்கள் பெரும்பாலும் கனடாவிலும் இங்கிலாந்திலும் உள்ள நம்மவர்கள். பண்டாரவளை நண்பர் வெளிப்படையாக எழுதியதால், போலி எண் பற்றி எனக்குத் தெரிந்ததைச் சேர்க்கிறேன்.

வெளிநாட்டுப் பதிவுத் தபாலின் எண் பதின்மூன்று இடங்கள் கொண்டது: முதலில் இரண்டு ஆங்கில எழுத்து, பிறகு ஒன்பது இலக்கங்கள், கடைசியில் நாட்டைக் குறிக்கும் இரண்டு எழுத்து, இலங்கைக்கு எல், கே. அந்த ஒன்பதில் முதல் எட்டுத்தான் உண்மையான எண். ஒன்பதாவது, அந்த எட்டிலிருந்து கணக்கிட்டுப் பெறும் சரிபார்ப்பு இலக்கம். எட்டு இலக்கங்களையும் முறையே 8, 6, 4, 2, 3, 5, 9, 7 ஆகியவற்றால் பெருக்கிக் கூட்டி, கூட்டுத்தொகையை 11ஆல் வகுத்து, மீதியை 11இலிருந்து கழிக்க வேண்டும். விடை 10 வந்தால் 0 என்றும், 11 வந்தால் 5 என்றும் எழுதுவார்கள். 12345678 என்ற எண்ணை எடுத்தால் கூட்டுத்தொகை 204. 11ஆல் வகுத்தால் மீதி 6. ஆகவே ஒன்பதாவது இலக்கம் 5. யாராவது மனம்போன போக்கில் எழுதிக்கொடுத்த எண் என்றால், பெரும்பாலும் இந்தக் கணக்கிலேயே பிடிபட்டுவிடும்.

இன்னொன்று. ஈபே போன்ற சந்தைகளில், பொருள் கிடைக்கவில்லை என்று வாங்குபவர் முறையிட்டால், தபாலில் போட்டதற்கான துண்டு மட்டும் விற்பவரைக் காப்பாற்றாது. போய்ச் சேர்ந்ததைக் காட்டும் தடங்காணல் பதிவு வேண்டும். 750 டொலரும் அதற்கு மேலும் என்றால் பெற்றவரின் கையொப்பமும் வேண்டும். அங்கே அனுப்பியது என்பதற்கு மதிப்பில்லை, சேர்ந்தது என்பதற்கே மதிப்பு. கடுமையான விதி என்று முன்பு நினைத்தேன். 2025 ஓகஸ்டில் தபால் ஊழியர் வேலைநிறுத்தம் நடந்தபோது என் பொதிகள் சில தாமதமாயின. வாங்கியவர்கள் கேட்கும் முன்பே எல்லோருக்கும் நிலைமையை எழுதி, பணம் வேண்டுமென்றால் திருப்பித் தருகிறேன் என்றேன். ஒருவர்கூடத் திருப்பிக் கேட்கவில்லை.

கொழுந்துமலை (ஹட்டன்) எழுதியது:

எல்லோருக்கும் நன்றி. குறிப்பாக லயத்துப் பிள்ளை தங்கைக்கும் பண்டாரவளை நண்பருக்கும்.

தங்கையின் பதிவை வாசித்த அன்று இரவே அந்த அம்மாவை அழைத்தேன். இரண்டு நாட்கள் பதில் சொல்லாமல் இருந்ததற்கு முதலில் மன்னிப்புக் கேட்டேன். தங்கை சொன்னது அப்படியே சரியாக இருந்தது. "உங்களைச் சந்தேகப்படவில்லை ஐயா, ஆபிசில் துண்டு கேட்டார்கள், அதுதான்" என்றார். சாதாரணத் தபாலுக்குத் துண்டு கிடையாது என்பதே அவருக்குத் தெரியாது. ரெஜிஸ்டர் என்றால் விரைவாகப் போகும், அதற்குத்தான் கூடுதல் பணம் என்று நினைத்திருக்கிறார். பொதி தொலைந்தால் தேட ஓர் எண் இருக்கும் என்பதை நான் ஒரு வார்த்தையில் சொல்லியிருக்கலாம். அவர் கேட்டதைக் கேட்டபடி செய்தேன் என்று சொல்லிக்கொண்டிருந்தேன். தெரியாமல் கேட்கிறார் என்பதைக் கவனிக்கவில்லை. மகாவலிக்கரை ஐயா காட்டிய சட்டம் என் பக்கம் இருக்கலாம். ஆனால் தெரியாமல் கொடுத்த சம்மதத்தைக் கேடயமாகப் பிடிக்க எனக்கு விருப்பமில்லை.

பணத்தைத் திருப்பித் தருவதாகச் சொன்னேன். பணம் வேண்டாம், பிள்ளைக்குப் புத்தகம்தான் வேண்டும் என்றார். மூன்றில் இரண்டுக்கு என்னிடம் இன்னொரு பிரதி இருந்தது. மூன்றாவதைத் தலவாக்கலையில் ஒரு மாணவரிடமிருந்து வாங்கினேன். நேற்று மூன்றையும் கட்டி, என் செலவில் பதிவுத் தபாலில் அனுப்பினேன். உப தபாலதிபர் ஐயா சொன்னபடி யார் கைக்கு வரும் என்று கேட்டதற்கு, மகளின் வகுப்பாசிரியை பெயரைச் சொன்னார். பாடசாலை முகவரிக்கே போட்டேன். துண்டை வாங்கியதும் தபாலகத்துக்குள் நின்றபடியே படம் எடுத்து அனுப்பினேன். எண் படத்தில் மங்கலாகத் தெரிந்ததால் அதைத் தனியாகத் தட்டச்சு செய்தும் அனுப்பினேன்.

முதல் பொதி எங்கே என்று இன்னும் தெரியவில்லை.

உப தபாலதிபர் (ஓய்வு) எழுதியது:

நல்லது தம்பி. முதல் பொதிக்கும் நீங்கள் தபாலகத்தில் ஒரு முறை எழுத்தில் கேட்டுவையுங்கள். அனுப்பிய நாள், ஏறக்குறைய எத்தனை மணி, பொதியின் அளவு, தாளின் நிறம், நூல் கட்டியிருந்தது, உள்ளே இருந்த புத்தகங்களின் பெயர்கள், இவ்வளவும் எழுதுங்கள். எண் இல்லாததால் உறுதி சொல்ல முடியாது. ஆனால் முகவரித் தாள் கிழிந்து ஒரு மூலையில் கிடக்கும் பொதியை இன்னாருடையது என்று அடையாளம் காண அந்த விபரங்கள் உதவியதை நான் பார்த்திருக்கிறேன். அனுப்புநர் முகவரியைப் பின்பக்கம் எழுதினீர்களா?

கொழுந்துமலை (ஹட்டன்) எழுதியது:

எழுதினேன் ஐயா. அந்த அம்மாவின் பெயருக்குப் பக்கத்தில் டிவிசன் பெயரை எழுதினேனா என்பதுதான் நினைவில்லை. நாளைக் காலை தபாலகத்துக்குப் போகிறேன்.

கொழுந்துமலை (ஹட்டன்) எழுதியது:

எழுத்தில் கொடுத்துவிட்டேன், பதில் இன்னும் இல்லை. இன்று மாலை அந்த அம்மாவிடமிருந்து ஒரு படம் வந்தது. பாடசாலை மேசையில் மூன்று புத்தகங்களும், பக்கத்தில் மண்ணிறத் தாளும், வெட்டாமல் அவிழ்த்துச் சுற்றி வைத்த நூலும் இருந்தன. முதல் பொதி எப்போதாவது வந்தால் ரெஜிஸ்டரில் திருப்பி அனுப்புவதாகவும், அந்தத் துண்டை அன்றைக்கே படம் எடுத்து அனுப்புவதாகவும் குரல் செய்தியில் சொல்லியிருக்கிறார்.